வீட்டில் செய்த மீடியா ரியாக்டர் தகராறு செய்தால்: அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியான ரீஃப் தொட்டிக்காக இதுவரை நான்கு மீடியா ரியாக்டர்கள் செய்திருக்கிறேன். தொட்டி நீரை இரும்பு ஆக்சைடு குருணை, கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போன்ற மீடியாவின் வழியே செலுத்திப் பாஸ்பேட்டையும் மஞ்சள் நிறத்தையும் எடுக்கும் கூடு அது. முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. மூன்றாவது இன்றும் என் சம்புக்கு (பிரதான தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத்தொட்டிக்கு) பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்காவது ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது. அவர் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "குருணை செத்துப்போயிற்றா, மாற்றிவிடட்டுமா?" பெரும்பாலும் குருணை நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர்தான் அதன் வழியே போயிருக்காது. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் நான் முதலில் தண்ணீரின் பாதையைப் பார்ப்பேன். மீடியாவின் மேல் பழி போடுவது கடைசியில்தான்.

நான் மனத்தில் வைத்திருக்கும் அமைப்பு இது. குடிநீர் வடிகட்டிக்கு விற்கும் 10 இன்ச் கூடு, உள்ளே இருப்பது தெரியும்படி நிறமற்றது. வடிகட்டியாக இருக்கும்போது தண்ணீர் ஓரமாக இறங்கி நடுத்துளை வழியாக வெளியேறும். ரியாக்டருக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும். பம்பிலிருந்து வரும் குழாயை மூடியில் 'வெளியே' என்று குறித்த வாயில் மாட்டுகிறோம். நடுத்துளையில் செருகிய பிவிசி குழாய் தண்ணீரை அடிவரை கொண்டுபோகிறது. அங்கிருந்து அது துளையிட்ட தட்டு, ஸ்பாஞ்சு, மீடியா, மேல் ஸ்பாஞ்சு என ஏறி 'உள்ளே' என்று குறித்த வாய் வழியாக சம்புக்குத் திரும்புகிறது. அக்ரிலிக் உருளையில் செய்திருந்தாலும் பாதை இதுதான்.

பார்க்கத் தொடங்குமுன் பம்பின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு வாளி, பழைய துண்டு, ஒரு லிட்டர் அளவு ஜாடி, கைக்கடிகாரம், பாஸ்பேட் சோதனைக் கருவி ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் குறை தீரும், எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பீர்கள்.

## தண்ணீரில் கை வைத்தால் சுருக்கென்கிறது, அல்லது மின்கசிவுத் தடுப்பான் விழுகிறது

இங்கே ஈரக்கையோடு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு தொட்டிக்குப் போகும் எல்லாப் பிளக்குகளையும் காய்ந்த கையால் பிடுங்குங்கள்.

எல்லாம் பிடுங்கிய பிறகு தடுப்பான் நிற்கிறது, ரியாக்டர் பம்பை மாட்டினால் மட்டும் விழுகிறது என்றால் அந்தப் பம்பை எறிந்துவிடுங்கள். பிசின் ஊற்றி அடைத்த மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. எல்லாம் பிடுங்கியும் விழுகிறது என்றால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். உங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் தடுப்பானே இல்லையென்றால், ரியாக்டர் வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் போடச் சொல்லுங்கள்.

பம்பின் வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது. உப்புநீர் ஏறிய பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சை பூத்திருப்பதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த வளைவை மறக்கமாட்டார்கள்.

## தரையில் ஈரம்

வீட்டில் செய்த ரியாக்டருக்கு வரும் முதல் நோய் இதுதான். ஆனால் ஈரம் இருப்பதாலேயே ரியாக்டர் கசிகிறது என்று முடிவு கட்டாதீர்கள். நுரையால் கழிவை அள்ளும் ஸ்கிம்மரின் கோப்பை வழிந்திருக்கலாம், சம்பின் விளிம்பில் தெறித்திருக்கலாம். ரியாக்டரை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. தண்ணீர் கீழே வழிந்துவிடும் என்பதால் எப்போதும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். மிக மெல்லிய கசிவு தாளை நனைக்காது. அது வெள்ளை உப்புப் பொருக்காக மட்டுமே தெரியும். பொருக்கின் தடிப்பான முனை எங்கே தொடங்குகிறதோ அதுதான் வாய்.

### குழாய் மாட்டிய இடத்தில் நனைகிறது

குழாயின் நுனி விரிந்து தளர்ந்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் வெட்டியெறிந்துவிட்டு, நுனியை வெந்நீரில் சில விநாடி நனைத்து மீண்டும் ஏற்றுங்கள். பிளாஸ்டிக் பிடிப்பான் போடுங்கள். இரும்புப் பிடிப்பான், துருப்பிடிக்காதது என்று விற்பதாக இருந்தாலும், உப்புநீரில் நாளடைவில் துருப்பிடிக்கும்.

### மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே நனைகிறது

உங்கள் பம்ப் தரும் அழுத்தம் சொற்பம். ஒன்றரை மீட்டர் ஏற்றும் பம்ப் முழுக்க அடைபட்டாலும் 0.15 பாருக்கு மேல் தராது. வீட்டுக் குழாய் அழுத்தத்தையே தாங்கச் செய்த கூடு அது. ஆக, இங்கே கசிந்தால் காரணம் பெரும்பாலும் ரப்பர் வளையத்திலோ அது உட்காரும் பள்ளத்திலோ இருக்கும். வளையத்தை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் விரலால் உருட்டிப் பாருங்கள். மூன்று வாரம் விடாமல் சொட்டிய என் முதல் ரியாக்டரில் கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு இரும்புக் குருணை, கடுகில் பாதிகூட இருக்காது. மீடியாவைக் கொட்டும்போது பள்ளத்தில் விழுந்திருக்கிறது. நான் அதன்மேல் ஸ்பானர் போட்டு முறுக்கி முறுக்கி வளையத்தில் நிரந்தரமான தழும்பை உண்டாக்கிவைத்திருந்தேன்.

பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, வளையத்தில் சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவி, கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பானர் திறப்பதற்குத்தான். வாஸ்லின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். வளையம் தட்டையாகியிருந்தால் புதிது வாங்குங்கள், அதைத் திருப்பிப்போட்டு ஏமாற்ற முடியாது.

### திருகு இணைப்பில் நனைகிறது

டெஃப்லான் டேப்பை, திருகு முறுக்கும் திசையிலேயே, மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். பத்து சுற்று சுற்றி வலுவாக முறுக்கினால் சரிவான திருகு ஆப்பு போல இறங்கி, அதை ஏற்கும் வாயைப் பிளந்துவிடும். அன்றைக்கு விரிசல் தெரியாது. ஒரு வாரம் கழித்து மயிரிழையாகத் தெரியும்.

### வால்வை மூடினால் கசிவு கூடுகிறது

வால்வு ரியாக்டருக்குப் பின்னால், வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே திருகினால் பம்பின் முழு அழுத்தமும் கூட்டுக்குள் தங்கும். அதைப் பம்புக்கும் ரியாக்டருக்கும் நடுவே மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பல கசிவுகள் நின்றுபோகும். பம்ப் உறிஞ்சும் வாயில் மட்டும் எதையும் அடைக்கக் கூடாது.

### ஒட்டிய மூட்டில் நனைகிறது

அக்ரிலிக்கைச் சிலிகான் பசையால் ஒட்டியிருந்தால் அது ஒருநாள் உரிந்தே தீரும். சிலிகான் கண்ணாடியைப் பிடிப்பதுபோல் அக்ரிலிக்கைப் பிடிப்பதில்லை. அக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டும் திரவப் பசையே வேண்டும், விளிம்புகளும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். வெளியே பூசும் பூச்செல்லாம் சில நாள் கூத்து. மூட்டில் கசிவென்றால் அக்ரிலிக் வேலை செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். விளிம்பை இயந்திரத்தில் சமன்செய்து ஒட்டித் தருவார்கள்.

உடம்பிலேயே விரிசல் என்றால் பட்டறைக்குக்கூட அலைய வேண்டாம், மாற்றிவிடுங்கள். அக்ரிலிக்கை ஆல்கஹால் போட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சிலந்திவலை போன்ற நுண்விரிசல்கள் பெரும்பாலும் அதனால் வருபவை.

## குருணை அசையவே இல்லை

இரும்பு ஆக்சைடு குருணை ஓடும்போது அதன் மேற்பரப்பு, சிறு தீயில் கஞ்சி கொதிக்கப்போகும் நேரத்தில் நெளிவதுபோல் மெல்ல நெளிய வேண்டும். அடிப்பகுதி சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கரியானால் அசையவே வேண்டாம், இரண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவே அடக்கிவைத்தால் போதும். அசையாத கரியைக் கண்டு கவலைப்படுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

திரும்பி வரும் குழாயை ஜாடிக்குள் விட்டு நேரம் பாருங்கள். என் கூட்டில் இரும்புக் குருணைக்கு ஒரு லிட்டர் 20 முதல் 30 விநாடியில் நிறைந்தால் சரியாக இருக்கிறது, அதாவது மணிக்கு 120 முதல் 180 லிட்டர். இதன்பின் வழி இரண்டாகப் பிரிகிறது.

### ஜாடி நிறைய வெகுநேரம் ஆகிறது

முதலில் வால்வைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டுத் திரும்பியிருக்கும். அடுத்தது மேல் ஸ்பாஞ்சு. கழிவுத் தூள் படிந்து அது தோல்போல் ஆகியிருக்கும். இதற்கு உறுதியான சோதனை ஒன்று உண்டு: மேல் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு, மீடியா இல்லாமல், திரும்பும் குழாயை வாளியில் விட்டு ஓட்டுங்கள். ஓட்டம் திரும்பினால் ஸ்பாஞ்சு அல்லது மீடியா அடைத்திருக்கிறது. திரும்பாவிட்டால் பம்ப் பக்கம் போங்கள்.

பம்பின் முன்மூடியைக் கழற்றி உள்ளே சுழலும் விசிறியான இம்பெல்லரை வெளியே இழுங்கள். நத்தைக் குஞ்சு, பாசி நார், கல்சியப் படிவு, மூன்றில் ஒன்று இருக்கும். படிவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். பீங்கான் தண்டு உடைந்திருந்தால் இம்பெல்லர் மட்டும் மாற்றலாம், அது கிடைக்காவிட்டால் பம்பையே மாற்ற வேண்டியதுதான்.

கூட்டின் மேற்பகுதியில் காற்று சிக்கியிருந்தாலும் ஓட்டம் குறையும். ஓடும்போதே ரியாக்டரை அதன் வெளிவாய் (தண்ணீர் சம்புக்குத் திரும்பும் வாய்) மேலே வரும்படி சாய்த்து, விரல் முட்டியால் நாலு தட்டு தட்டினால் காற்று போய்விடும்.

### ஜாடி வேகமாக நிறைகிறது, ஆனால் குருணை அப்படியே கிடக்கிறது

என்னை அதிகம் ஏமாற்றியது இந்த நிலைமைதான். தண்ணீர் தாராளமாகத் திரும்பி வருகிறது, பம்பும் நன்றாக இருக்கிறது, எனவே எல்லாம் சரி என்று விட்டுவிடுவோம். பாஸ்பேட் மட்டும் இறங்காது.

காரணம் உள்ளேயே இருக்கும் குறுக்குவழி. நடுக்குழாய் மூடியின் வாயில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால், பம்பிலிருந்து வரும் தண்ணீர் அடிக்குப் போகாமல் அந்த இடுக்கிலேயே கசிந்து, மேல் ஸ்பாஞ்சுக்கும் மேலே வந்து, நேராக வெளிவாயில் போய்விடும். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிவர அதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. கண்டுபிடிக்க, கூட்டைக் கழற்றுங்கள். மூடியையும் நடுக்குழாயையும் மட்டும் வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு பம்பை மிதமாக ஓட்டச் சொல்லுங்கள். குழாயின் அடிநுனியிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்ட வேண்டும். மூடியோடு சேரும் இடத்தில் குடைபோல் விரிந்தால் குற்றவாளி அதுவே. ஒரு சிறு ரப்பர் வளையமோ, டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றி அழுத்திச் செருகுவதோ போதும்.

நடுக்குழாய் நீளமாக இருந்து அடியில் முட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வெளியேற இடமில்லாவிட்டால் மேலே உள்ள இடுக்கையே தேடிப்போகும். ஒரு விரல் அகலம் குறைத்து வெட்டுங்கள், அல்லது நுனியில் நாலு பள்ளம் அறுத்துவிடுங்கள்.

### ஒரு பக்கம் கொதிக்கிறது, மறுபக்கம் கல்லாகக் கிடக்கிறது

தண்ணீர் தனக்கென்று ஒரு வழியைத் தோண்டிக்கொண்டது. கூடு நேராக நிற்கிறதா என்று பாருங்கள், சற்றுச் சாய்ந்திருந்தாலும் இப்படி ஆகும். பிறகு அடி ஸ்பாஞ்சு முழுவட்டமாக ஓரம்வரை தொடுகிறதா பாருங்கள். இரண்டும் சரியென்றால் குருணையைக் கொட்டி விரலால் நசுக்குங்கள். உதிர்ந்தால் கழுவித் திரும்பப் போடலாம். கட்டியாகக் கெட்டித்திருந்தால் கல்சியம் கார்பனேட் பூசிவிட்டது, அதற்கு மருந்து இல்லை. அப்படிக் கட்டியாவது அடிக்கடி நடக்கிறதென்றால், சுண்ணாம்பு நீரோ காரத்தன்மைக் கரைசலோ சம்பில் விழும் இடம் ரியாக்டர் பம்பின் வாய்க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். சொட்டும் குழாயைத் தொலைவுக்கு, வேகமாக நீரோடும் இடத்துக்கு மாற்றுங்கள்.

## தண்ணீர் சிவந்தது, அல்லது கறுத்தது

புதிதாக மீடியா போட்ட அன்று என்றால் நீங்கள் சரியாகக் கழுவவில்லை. ரியாக்டரில் போட்டபின், திரும்பும் குழாயை வாளியில் விட்டு, தெளிந்த நீர் வரும்வரை ஆர்.ஓ. நீரோ தொட்டியிலிருந்து மாற்றி எடுத்த நீரோ ஓட்டிக் கொட்டுங்கள். அதற்குப் பின்தான் சம்பில் இணைக்க வேண்டும்.

பழைய மீடியாவில், திடீரென்று என்றால், ஓட்டம் கூடிக் குருணை ஒன்றோடொன்று உரசி மாவாகிறது. வால்வைக் குறைத்து மேல் ஸ்பாஞ்சை மாற்றுங்கள். செந்தூள் மேல் கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிட்டால் போயிற்று. கரித்தூளை அவ்வளவு சாதாரணமாக விடாதீர்கள். சர்ஜன் மீன் இனங்களில் தலையிலும் உடலின் பக்கக்கோட்டிலும் தோல் அரிக்கப்பட்டுக் குழி விழுவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அப்படிக் குழிகள் தெரிந்தால் கரியை நிறுத்திவிட்டு மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

## பாஸ்பேட் இறங்கவில்லை

ஒரே நேரத்தில் இரண்டு மாதிரி எடுங்கள், ஒன்று தொட்டியிலிருந்து, ஒன்று ரியாக்டரின் வெளிவாயிலிருந்து. ஒரே கருவியில், ஒரே சோதனைக் குப்பியில், ஒன்றன்பின் ஒன்றாகச் சோதியுங்கள். விடையில் முக்கால்வாசி இந்த இரு எண்களிலேயே இருக்கிறது.

### இரண்டும் சமம்

மீடியா வேலை செய்யவில்லை, அல்லது தண்ணீர் அதைத் தொடவில்லை. மேலே சொன்ன குறுக்குவழியை முதலில் தேடுங்கள். அது இல்லையென்றால்தான் குருணை நிறைந்துவிட்டது என்று மாற்றுங்கள். ஆறு வாரம் ஆயிற்று என்பதற்காக மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்லில் பாஸ்பேட் நிறைந்த தொட்டியில் குருணை ஒரு வாரத்திலேயே தீர்ந்துவிடும், சுத்தமான தொட்டியில் இரண்டு மாதம்கூட ஓடும்.

### வெளிவாயில் குறைவு, தொட்டியில் மட்டும் குறையவில்லை

ரியாக்டர் தன் வேலையைச் செய்கிறது, அதை விட்டுவிடுங்கள். எங்கிருந்தோ வந்து சேர்வது அது எடுப்பதைவிட அதிகம். உணவிலிருந்து தொடங்குங்கள். உறைந்த இறாலை உருக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றுகிறீர்களா? ஆவியானதற்கு ஈடாக ஊற்றும் நீரைச் சோதித்தீர்களா? ஆர்.ஓ. சவ்வு பழையதாகியிருக்கலாம். கரியும் சிலநேரம் பாஸ்பேட்டைக் கசியவிடும். ஒரு கரண்டி புதுக் கரியை ஒரு கோப்பை ஆர்.ஓ. நீரில் ஒருநாள் ஊறவைத்து அந்த நீரைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சரியென்றால் கல்தான். கல்சியம் கார்பனேட்டால் ஆன பாறையும் மணலும் பாஸ்பேட்டைத் தம்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும், நீரில் அளவு குறையும்போது திருப்பித் தரும். ஆண்டுக்கணக்கில் நிறைய உணவு கண்ட தொட்டியில் முதல் சில மாதம் எண் அசையாமல் நிற்பது இதனால்தான். அவசரப்பட்டு மீடியாவை இரட்டிப்பாக்காதீர்கள். தீர்ந்ததும் மாற்றி, தீர்ந்ததும் மாற்றி ஓட்டுங்கள்.

### ஒருநாள் 0.02, மறுநாள் 0.10

தொட்டி ஒரே இரவில் அப்படி மாறுவது அபூர்வம். குப்பியில் விரல் ரேகை, கீறல், கரையாத தூள், காற்றுக்குமிழ் ஆகியவற்றைப் பாருங்கள். பாத்திரம் துலக்கும் திரவத்தால் குப்பியைக் கழுவ வேண்டாம், அதிலேயே பாஸ்பேட் இருக்கலாம். வீட்டுக் கருவிகளில் லிட்டருக்கு 0.01, 0.02 மில்லிகிராம் வித்தியாசம் பிழைவரம்புக்குள் அடங்கிவிடும். அதற்காக ரியாக்டரைப் பிரிக்காதீர்கள்.

## பாஸ்பேட் நன்றாக இறங்கியது, பவளம் வெளுக்கிறது

எல்லாரும் ரியாக்டருக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும் வாரத்தில்தான் இது வரும். குச்சிப் பவளங்களில் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும், அல்லது நிறம் மங்கும்.

புது இரும்புக் குருணை பாஸ்பேட்டை மளமளவென்று இழுத்துவிடும், முதல்நாளில் காரத்தன்மையையும் சற்றுக் குறைக்கும். பவளம் இரண்டு அதிர்ச்சியையும் ஒன்றாக வாங்குகிறது. குருணையை நிறுத்தி, காரத்தன்மையைச் சோதித்து மெல்லச் சரிசெய்யுங்கள். மீண்டும் தொடங்கும்போது பாக்கெட்டில் எழுதிய அளவில் கால்பங்கு போதும். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். கருவி பூஜ்யம் காட்டினால் எனக்குக் கவலை வந்துவிடும். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்குப் போன தொட்டியில் டைனோஃபிளஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் பழுப்பு நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு படர்ந்தால் அதை ஓட்ட மாதங்கள் ஆகும்.

குருணை இல்லை, கரி மட்டும்தான் மாற்றினேன் என்கிறீர்களா? நீரிலிருந்த மஞ்சள் நிறம் ஒரே நாளில் போய், விளக்கு வெளிச்சம் திடீரென்று கூடியிருக்கிறது. ஒரு வாரம் விளக்கைக் குறைத்துவைத்து மெல்ல ஏற்றுங்கள். அடுத்த முறை கரியைப் பாதிப் பாதியாக மாற்றுங்கள்.

சதை மணிக்கணக்கில் உரிந்துகொண்டே போனால் ரியாக்டரை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. ஆரோக்கியமான நுனிகளை வெட்டி வேறு கல்லில் ஒட்டிவிடுங்கள். வெட்டிப் பழக்கமில்லையென்றால் தொட்டி பராமரிப்பவரை அன்றே வரச்சொல்லுங்கள்.

## மின்சாரம் போய் வந்தபின் தொல்லை

### சம்ப் வழிந்தது

ரியாக்டரின் திரும்பும் குழாய் மேல்தொட்டி நீருக்குள் மூழ்கியிருக்கிறது. பம்ப் நின்றதும் தண்ணீர் அதே குழாய் வழியே பின்னோக்கி இறங்குகிறது. திரும்பும் குழாயின் நுனி நீர்மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். அது முடியாவிட்டால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பியிருக்காதீர்கள், உப்புத் துகளோ குட்டி நத்தையோ அதை ஒருநாள் திறந்தே வைத்திருக்கும். துளையையும் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.

### குருணை பம்புக்குள் போய்விட்டது

நீர் பின்வாங்கும்போது மீடியா தட்டின் துளை வழியே இறங்கி நடுக்குழாயில் நுழைந்திருக்கிறது. தட்டின்மேல் நைலான் வலை ஒன்றும், அதன்மேல் ஸ்பாஞ்சும் போடுங்கள்.

### அழுகிய முட்டை நாற்றம்

பல மணி நேரம் ஓட்டமில்லாமல் நின்ற ரியாக்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகியிருக்கிறது. அதுதான் இந்த நாற்றம். அப்படியே ஓட்டினால் அந்த நச்சு முழுதும் தொட்டிக்குப் போகும். மின்சாரம் வந்ததும் மற்ற பம்புகள் ஓடட்டும். ரியாக்டரை மட்டும் தனியே கழற்றிக் கொட்டிக் கழுவுங்கள். நாற்றமில்லாவிட்டாலும், நாலைந்து மணி நேரம் நின்றிருந்தால் உள்ளேயிருக்கும் தண்ணீரை வாளியில் விட்டுவிட்டுத்தான் நான் இணைப்பேன். பயோபெல்லட் (பாக்டீரியாவுக்கு உணவாகும் பிளாஸ்டிக் மணிகள்) போட்டிருந்தால் ஒரு மணி நேரம் நின்றாலும் அப்படியே செய்வேன். மின்வெட்டு அடிக்கடி வரும் இடமென்றால் ரியாக்டர் பம்பைத் தனிச் சுவிட்சில் வையுங்கள், அது தானாக ஓடத் தொடங்காமல் இருக்கட்டும்.

## தொட்டி பால்போல் மங்குகிறது

இது பயோபெல்லட் ஓட்டுபவர்களின் தொல்லை. பாக்டீரியா வெள்ளம் அது. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் காற்று: ஸ்கிம்மரை முழுவீச்சில் விடுங்கள், காற்றுக்கல் போடுங்கள், ரியாக்டரை நிறுத்துங்கள். மீன்கள் சகஜமாக இருந்தால் ஓட்டத்தை மட்டும் குறைத்து இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

மறுபடி மறுபடி வருகிறதென்றால் திரும்பும் குழாயின் நுனி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது ஸ்கிம்மர் உறிஞ்சும் வாயை ஒட்டி விழ வேண்டும், உதிரும் பாக்டீரியாவை ஸ்கிம்மர் அள்ளிக்கொள்ளும். பெல்லட்டுகள் வழவழவென்று ஒட்டிக் கட்டியானால் ஓட்டம் போதவில்லை. இரும்புக் குருணைக்குப் போதும் பம்ப் இதற்குப் போதாது, எல்லா மணியும் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். மெல்லிய குழாயும் சிறிய பம்பும் கொண்ட கூட்டில் இதை ஓட்டவே வேண்டாம் என்பேன்.

## பொடிக்குமிழ்கள், சத்தம்

சம்பில் நீர்மட்டம் இறங்கிப் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. ஆவியானதை ஊற்றுங்கள். மட்டம் சரியென்றால் பம்ப் ஸ்கிம்மரின் வெளிவாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவையுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் இம்பெல்லரில் குருணை சிக்கியிருக்கிறது.

## நத்தைகள் சாகின்றன, மீன்கள் நன்றாக இருக்கின்றன

நத்தை, இறால், நண்டு வரிசையாகச் சுருண்டு விழ, மீன்கள் எதுவும் நடக்காததுபோல் திரிந்தால் செம்பைச் சந்தேகியுங்கள். ரியாக்டரில் நீங்கள் கைப்பட மாட்டிய ஒவ்வொரு உலோகத் துண்டையும் நினைவுபடுத்திப் பாருங்கள். வால்வின் நடுவே இருக்கும் பந்து முலாம் பூசிய பித்தளையா? திருகு இணைப்புக்குள் பித்தளை உள்வளையம் இருக்கிறதா? வெளியே பிளாஸ்டிக்காகத் தெரியும் இணைப்புக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். என் இரண்டாவது ரியாக்டர் குப்பைக்குப் போனது இப்படிப்பட்ட ஓர் இணைப்பால்தான். வாயைத் திருப்பி உள்ளே பார்த்தபோது பச்சை நிறத்தில் பூத்திருந்தது.

ரியாக்டரை உடனே கழற்றுங்கள். நீரைப் பெருமளவு மாற்றி, சம்பில் வேறொரு பையில் புதுக் கரி போடுங்கள். பித்தளை இருந்த இடத்தில் பிவிசி இணைப்பைப் போட்டபின்னும் உயிர்கள் சாகின்றன என்றால், தொட்டி நீரை உலோகங்களுக்காகச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி அனுப்புங்கள். அந்த எண் கைக்கு வரும்வரை ஒரு நத்தைகூட வாங்கவேண்டாம்.